லெட் ஸெப்பெலினில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது? பதில் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

ராக் இசைக் குழுவான லெட் ஸெப்பெலினின் சிறந்த பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் 'ஸ்டேர்வே டு ஹெவன்' உச்சியிலோ அதற்கு வெகு அருகிலோ வந்து நிற்கும். ஆனால் அந்தக் குழுவை வருடக்கணக்காகக் கேட்டுவரும் ஒருவரிடம் "உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்குவார். 'காஷ்மீர்' என்பார், 'வென் தி லெவி பிரேக்ஸ்' என்பார், இல்லையென்றால் ஏதோ ஒரு ஆல்பத்தின் மூலையில் கிடக்கும் பாட்டைச் சொல்வார். புதிதாகக் கேட்க வருபவருக்குக் குழப்பம். பழைய ரசிகர்கள் இவ்வளவு தயங்கும் ஒரு பாட்டு எப்படி முதலிடத்துக்கு வருகிறது? இல்லை, அவர்கள் வெறும் பந்தாவுக்காக வேறு பெயர் சொல்கிறார்களா?

பந்தாவும் கொஞ்சம் உண்டு. அது சின்னக் காரணம்தான். "பிடித்த பாட்டு எது" என்ற ஒற்றைக் கேள்விக்குள் வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன, ஆளாளுக்கு ஒன்றுக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதுதான் பெரிய காரணம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

## சில அடிப்படைகள்

லெட் ஸெப்பெலின் 1968இல் லண்டனில் உருவான நால்வர் குழு. ஜிம்மி பேஜ் கிட்டார், ராபர்ட் பிளான்ட் பாடகர், ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கிட்டாரும் கீபோர்டும், ஜான் பான்ஹம் டிரம்ஸ். 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்தார். அந்த டிசம்பரிலேயே மற்ற மூவரும் குழு இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 1969 முதல் 1979 வரை 8 ஸ்டுடியோ ஆல்பங்கள், அவற்றில் மொத்தம் 73 பாட்டுகள். மிச்சம் மீதியைத் தொகுத்து 1982இல் 'கோடா' வந்தது. இந்தக் கட்டுரையில் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. சிங்கிள். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சின்ன இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு, அதுவும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் இருந்தால்தான் வசதி. ஆல்பம் என்பது பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும் பெரிய தட்டு.

2. கிளாசிக் ராக். இதை ஓர் இசை வகையின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இது 1980களில் அமெரிக்க வானொலிக்காரர்கள் வைத்த பெயர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த ராக் பாட்டுகளிலிருந்து, கேட்பவர்கள் நிலையத்தை மாற்றாமல் இருக்கக்கூடியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறை அது. ஆக, நம்முன் வரும் பட்டியல் ஏற்கெனவே ஒருமுறை சலிக்கப்பட்டது.

## ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள்

"பிடித்த பாட்டு" என்று கேட்டதும் மனம் சத்தமில்லாமல் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது:

1. எது நன்றாகச் செய்யப்பட்ட பாட்டு? (தரம்)
2. இந்தக் குழு என்றால் என்ன என்று ஒரே பாட்டில் காட்டச் சொன்னால் எது? (அடையாளம்)
3. இன்றைக்குக் கையில் கிடைத்தால் எதைப் போடுவேன்? (பழக்கம்)
4. எந்தப் பாட்டோடு என் வாழ்க்கையில் ஒரு காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது? (நினைவு)

நான்குக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம். முதல் கேள்விக்கு 'ஸ்டேர்வே' என்பவரே மூன்றாவது கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட ஓடாத 'இமிக்ரண்ட் சாங்' என்பார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. எட்டு நிமிடப் பாட்டைக் கேட்க உட்கார வேண்டும், இரண்டரை நிமிடப் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தால் போதும்.

நான்காவது கேள்வியை நிறையப் பேர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளைவிடக் கூடுதலாக வெளிவருகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் கேட்ட இசையும் அதே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. பதினேழு வயதில் காதில் விழுந்த பாட்டோடு நாற்பது வயதில் கண்டெடுத்த பாட்டு போட்டி போட்டால் அது சமமான களம் இல்லை.

## பாட்டு எந்த வழியாகக் காதுக்கு வந்தது?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதியாகத் தோன்றுகிறது. 73 பாட்டையும் சமமாகக் கேட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் அநேகமாக யாரும் இல்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒரு வாசல் திறந்திருந்தது. அதன் வழியாக வந்த பாட்டுகள்தான் போட்டியிலேயே இருந்தன.

சிங்கிள் வேண்டாம் என்ற முடிவு. குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்டும் குழுவினரும் ஆல்பத்தை முழுதாகத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தார்கள். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டை வெட்டிச் சுருக்கி பிரிட்டனில் சிங்கிளாக விற்க 1969இல் ஏற்பாடு நடந்தபோது அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அமெரிக்காவில் அவர்கள் ஆல்பங்களை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனம் விடவில்லை. அங்கே சிங்கிள் வந்தது, 1970 தொடக்கத்தில் பில்போர்டு என்ற ஹிட் பாட்டுப் பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. ஒரே பாட்டுதான், ஆனால் ஒரு நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஹிட், இன்னொரு நாட்டில் ஆல்பம் வாங்கியவருக்கு மட்டும் தெரிந்த சரக்கு.

'ஸ்டேர்வே டு ஹெவன்' விஷயத்தில் இது இன்னும் விசித்திரமாக வேலை செய்தது. 1971 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பத்தில் அது இருந்தது. அந்த ஆல்பத்துக்குப் பெயர் கிடையாது, அட்டையில் குழுவின் பெயர்கூட கிடையாது. எட்டு நிமிடப் பாட்டைச் சிங்கிளாக வெட்ட நிறுவனம் கேட்டது, குழு மறுத்துவிட்டது. பாட்டு வேண்டும் என்றால் ஆல்பத்தையே வாங்க வேண்டும் என்ற நிலை. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பத்துக்கு 2.3 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளுக்குச் சான்று கிடைத்திருக்கிறது. சிங்கிளாக வராததே அதற்குப் பெரிய விளம்பரமாகிப்போனது.

எஃப்.எம். வானொலி. எட்டு நிமிடப் பாட்டை எந்த நிலையம் போடும்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் பல பழைய ஏ.எம். அலைவரிசையின் நிகழ்ச்சிகளையே நகலெடுத்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. அறுபதுகளின் நடுவில் வந்த ஒரு அரசு விதி, பெரிய நகரங்களில் இந்த நகலெடுப்பைக் கட்டுப்படுத்தியது. திடீரென்று நிரப்ப வேண்டிய நேரம் நிறைய, காசு குறைவு. ஆல்பங்களிலிருந்து நீளமான பாட்டுகளை அப்படியே போட ஆரம்பித்தார்கள். எஃப்.எம். ஒலித்தரமும் மென்மையான கிட்டார் தொடக்கத்துக்குத் தோதாக இருந்தது. சத்தமே இல்லாமல் தொடங்கி, நான்கு நிமிடம் கழித்து டிரம்ஸ் நுழைந்து, வேகம் கூடிக்கூடி உச்சம் தொடும் பாட்டுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

வேறொருவர் பாட்டில் ஒரு துண்டு. 'வென் தி லெவி பிரேக்ஸ்' வானொலியில் அந்த அளவு ஓடவில்லை, மேடையிலும் 1975இல் சில முறை வாசித்ததோடு சரி. ஆனால் அதன் டிரம்ஸ் தொடக்கம் வேறு வழியாக ஊரெல்லாம் பரவியது. பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் குழு 1986இல் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அந்தத் துண்டைத்தான் அடித்தளமாக வைத்தார்கள். அதன்பின் ஹிப்ஹாப் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்த மூலப் பாட்டை முதன்முறையாகக் கேட்கும்போது ஏற்கெனவே தெரிந்த வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கும்.

திரைப்படம். 'இமிக்ரண்ட் சாங்' 2017இல் வந்த 'தார்: ராக்னராக்' படத்தின் சண்டைக் காட்சிகளில் ஒலித்தது. ஒரு தலைமுறைக்கு லெட் ஸெப்பெலின் என்றால் முதலில் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் பிளான்ட் எழுப்பும் ஓலம்தான்.

ஸ்டிரீமிங். குழுவின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் 2013 டிசம்பரில்தான் ஏறின. அங்கே 30 விநாடி ஓடினாலே ஒரு கேட்பு என்று எண்ணப்படும். இந்தக் கணக்கில் நீளமான பாட்டு நஷ்டப்படும். 'ஸ்டேர்வே' ஒருமுறை முடிவதற்குள் 'இமிக்ரண்ட் சாங்' மூன்று முறை ஓடி மூன்று எண்ணிக்கை வாங்கிவிடும். "அதிகம் கேட்கப்பட்டவை" என்று செயலி காட்டும் ஐந்து பாட்டுகளைப் பார்த்துக் குழுவை எடைபோடுவது, ஒரு எழுத்தாளரை அவர் நூல்களின் பின்னட்டையை வைத்து எடைபோடுவது மாதிரி. தவிர, மேலே இருப்பதைத்தான் புதியவர் முதலில் அழுத்துவார். அழுத்த அழுத்த அது மேலேயே இருக்கும்.

## காது பழகும், பிறகு சலிக்கும்

ஒரு பொருளை மறுபடி மறுபடி எதிர்கொள்வதே அதன்மேல் விருப்பத்தைக் கூட்டும் என்று ராபர்ட் ஸையன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். அர்த்தம் தெரியாத சொற்களையும் குறிகளையும் வைத்தே அவர் இதைக் காட்டினார். ஆனால் இது முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போவதில்லை. டேனியல் பெர்லைன் 1971இல் விளக்கியபடி, விருப்பம் குன்று மாதிரி: ஏறும், உச்சம் தொடும், பிறகு இறங்கும். எளிமையான பாட்டு சீக்கிரம் உச்சம் தொட்டுச் சீக்கிரம் சலிக்கும். சிக்கலான பாட்டுக்கு ஏற நேரமாகும், சலிக்கவும் நேரமாகும்.

இப்போது முதல் குழப்பத்துக்கு ஒரு விடை கிடைக்கிறது. வாக்கெடுப்பில் ஓட்டுப் போடும் பெரும்பான்மையினர் 'ஸ்டேர்வே' விஷயத்தில் குன்றின் ஏறும் பக்கத்தில் இருக்கிறார்கள். பழைய ரசிகர் எப்போதோ இறங்கிவிட்டார். அவர் பாட்டை வெறுக்கவில்லை. அவருக்கு அது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாடியவருக்கே தேய்ந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. நன்கொடை திரட்டிக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க வானொலி நிலையம், பணம் கொடுத்தால் இனி 'ஸ்டேர்வே' பாட்டைப் போடவே மாட்டோம் என்று அறிவித்ததாம். காரில் போய்க்கொண்டிருந்த பிளான்ட் அதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுத்திருக்கிறார். பாட்டு பிடிக்காமல் இல்லை, ஏற்கெனவே கேட்டாகிவிட்டது என்று பின்னாளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

## பாட்டில் யாரைக் கேட்கிறோம்?

நால்வரும் ஒரே எடை உள்ள குழு இது. அதனால் ஒரே பாட்டைக் கேட்கும் இரண்டு பேர் வேறு வேறு ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மூன்று பாட்டுகளைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

'வென் தி லெவி பிரேக்ஸ்': அறையே வாத்தியம். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் பதிவானது. நடமாடும் ஸ்டுடியோ வண்டி வெளியே நின்றது. மாடிப்படிக்குக் கீழே உள்ள கூடத்தில் பான்ஹமின் டிரம்ஸ் செட்டை வைத்து, மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் பொறியாளர் ஆண்டி ஜான்ஸ். அக்காலத்தில் டிரம்ஸுக்கு மிக அருகே மைக் வைப்பதுதான் வழக்கம். இங்கே தோலில் விழும் அடியோடு அந்தக் கூடமும் படிக்கட்டும் திருப்பி அனுப்பிய ஓசையும் சேர்ந்து பதிவானது. அதன்மேல் எக்கோ கருவி ஒன்று, ஒலியை அமுக்கிப் பிழியும் கம்ப்ரஷன். பிறகு டேப்பின் வேகத்தையும் சற்றுக் குறைத்தார்கள், அதனால் எல்லாமே பாரம் கூடி, தண்ணீருக்கடியில் நடப்பதுபோல ஆனது. தாளம் என்று எழுதிப் பார்த்தால் அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஓசைதான் பாட்டு. ராகம் தேடிக் கேட்பவருக்கு இது ஏழு நிமிட இழுவையாகத் தோன்றலாம், ஓசை தேடிக் கேட்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது.

'காஷ்மீர்': இரண்டு கணக்கு. 1975இல் வந்த 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி' இரட்டை ஆல்பத்தில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிளான்ட் இதன் வரிகளை மொராக்கோவின் தெற்கே முடிவில்லாத ஒரு பாலைவனச் சாலையில் கார் ஓட்டிப் போன அனுபவத்திலிருந்து எழுதினார். பேஜ் கிட்டாரின் தந்திகளை வழக்கமான சுருதியில் வைக்காமல் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றி வைத்தார். கிட்டாரும் தந்தி வாத்தியங்களும் மும்மூன்று அடியாகச் சுழல்கின்றன, பான்ஹம் நான்கு நான்காகப் போகிறார். திஸ்ரத்தையும் சதுஸ்ரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தது மாதிரி. 12 அடிக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழும். அந்தச் சந்திப்புக்காகக் காத்திருப்பதுதான் பாட்டின் போதை. கால் தட்டிக்கொண்டே கேட்டால் எண்ணிக்கை நழுவி நழுவிப் பிடிபடுவது தெரியும். தங்கள் குழுவுக்கு உண்மையான அடையாளம் இதுதான் என்று பிளான்ட் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். நம் பட்டியலில் அது இரண்டாவது கேள்விக்கான பதில்.

'சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ': குறையோடு ஒரு பாட்டு. 1970இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் உள்ள மெதுவான புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை மரபில் வந்த பாட்டு. ஹெட்ஃபோனில் கேட்டால் பான்ஹமின் கால் பெடல் கிறீச்சிடுவது கேட்கும். அதை நீக்காமலே விட்டுவிட்டார்கள். சிலருக்கு இது தொந்தரவு. மற்றவர்களுக்கு அந்தக் கிறீச்சுதான் நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

ஜோன்ஸைக் கேட்கிறவர்கள் தனிக் கட்சி. 'பிளாக் டாக்' பாட்டின் தடுமாற வைக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துண்டு) அவர் கொண்டுவந்தது. 'ஸ்டேர்வே'யின் தொடக்கத்தில் குழல் மாதிரி வரும் ரெக்கார்டர் என்ற ஊதுவாத்தியங்களும் அவர் வாசித்தவைதான். 1979இல் வந்த கடைசி ஆல்பத்தின் 'ஆல் மை லவ்' பாட்டை எழுதியவர்கள் ஜோன்ஸும் பிளான்டும், அதில் பேஜின் பெயர் இல்லை. 1977இல் ஐந்து வயதில் இறந்துபோன தன் மகனை நினைத்து பிளான்ட் பாடியது அது. கிட்டார் ரசிகர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்தப் பின்னணி தெரிந்தபின் அதைப் பட்டியலிலிருந்து அடிக்க மனம் வராது.

## எந்தப் பதிவு?

பாட்டின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' முதல் ஆல்பத்தில் ஆறரை நிமிடம். 1973இல் நியூயார்க்கில் நடந்த கச்சேரிகளிலிருந்து எடுத்து 1976இல் வெளியிட்ட பதிவில் அதுவே 27 நிமிடத்தை நெருங்குகிறது, இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தை விழுங்கியது. இடையில் பேஜ் வயலின் வில்லால் கிட்டாரை மீட்டுவார். இது ஒரே பாட்டா, ஒரு பெயரில் இரண்டு பாட்டா?

'ஸ்டேர்வே'க்கும் இது பொருந்தும். ஆல்பம் வெளிவருவதற்கு எட்டு மாதம் முன்பே, 1971 மார்ச்சில் பெல்ஃபாஸ்ட் மேடையில் அதை முதன்முறை வாசித்துவிட்டார்கள். மேடையில் தனிவாசிப்பு ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி இருக்கும். 2014-15இல் பேஜ் மேற்பார்வையில் வந்த ரீமாஸ்டர்கள் (பழைய பதிவின் ஒலியைத் திருத்திய புது வெளியீடுகள்) வேறு, பழைய தட்டு வேறு. விவாதம் தொடங்குமுன் "ஸ்டுடியோ பதிவு" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வது நல்லது.

## கடன் வாங்கிய பாட்டு பிடிக்கலாமா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. சுருக்கமாக:

1. 'வென் தி லெவி பிரேக்ஸ்' 1927இன் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவுசெய்த பாட்டு. மின்னியின் பெயரும் ஆல்பத்தில் சேர்க்கப்பட்டிருந்தது.
2. 'ஹோல் லாட்டா லவ்' வரிகள் தன் பாட்டிலிருந்து வந்தவை என்று புளூஸ் கவிஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. இப்போது அவர் பெயரும் இருக்கிறது.
3. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' ஜேக் ஹோம்ஸ் 1967இல் வெளியிட்ட பாட்டு. அவர் வழக்குப் போட்டது 2010இல். அதுவும் சமரசத்தில் முடிந்தது.
4. 'ஸ்டேர்வே'யின் தொடக்கம் ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வழக்கு 2014இல் தொடங்கியது. 2016இல் நடுவர் குழு லெட் ஸெப்பெலின் பக்கம் தீர்ப்பளித்தது, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ரசனையில் இது எங்கே நுழைகிறது? முதல் கேள்வியான தரத்தில்தான். வரிகளும் மெட்டும் எங்கிருந்தோ வந்திருந்தால் அதற்கான மதிப்பெண்ணை அங்கேதான் கொடுக்க வேண்டும். லெவி பாட்டின் டிரம்ஸ் ஓசை 1929இல் இல்லை, அது முழுக்க இவர்களுடையது. 'ஹோல் லாட்டா லவ்' வரிகளை அப்படிச் சொல்ல முடியாது. முதலில் பெயர் போடாமல் விட்டது தவறு என்பதையும், ரிஃப் அபாரம் என்பதையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லலாம்.

## ஓட்டு எண்ணும் முறையே முடிவை மாற்றும்

பத்து ரசிகர்கள், மூன்று பாட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கணக்கு.

- 4 பேர்: முதலில் ஸ்டேர்வே, அடுத்து லெவி, கடைசியில் காஷ்மீர்.
- 3 பேர்: முதலில் காஷ்மீர், அடுத்து லெவி, கடைசியில் ஸ்டேர்வே.
- 3 பேர்: முதலில் லெவி, அடுத்து காஷ்மீர், கடைசியில் ஸ்டேர்வே.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் ஸ்டேர்வே 4, மற்றவை மும்மூன்று. ஸ்டேர்வே ஜெயிக்கும்.

இரண்டிரண்டாக மோதவிட்டால்? ஸ்டேர்வேயும் லெவியும் மோதினால் 6க்கு 4 என்று லெவி ஜெயிக்கும். காஷ்மீரிடமும் ஸ்டேர்வே 6க்கு 4 என்று தோற்கும். லெவி காஷ்மீரை 7க்கு 3 என்று வெல்லும். ஆக லெவிதான் வெற்றி. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே வலியுறுத்திய முறை இது.

அதே நூற்றாண்டில் போர்தா சொன்ன முறைப்படி முதலிடத்துக்கு 2, இரண்டாமிடத்துக்கு 1 என்று புள்ளி போட்டால் லெவி 13, காஷ்மீர் 9, ஸ்டேர்வே 8. முதல் முறையில் ஜெயித்தது இங்கே கடைசி!

பத்து பேரில் ஒருவரும் மனம் மாறவில்லை. எண்ணிய விதம் மட்டும்தான் மாறியது. "ரசிகர்கள் தேர்ந்தெடுத்த நம்பர் ஒன்" என்ற தலைப்பைப் பார்த்தால் எப்படி எண்ணினார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அந்த முறை, எல்லோருக்கும் ஓரளவு பிடித்ததைவிடச் சிலருக்கு வெகுவாகப் பிடித்ததை மேலே தள்ளும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுக்குத்தான் அந்தச் சிலர் சுலபமாகக் கிடைப்பார்கள்.

## சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

73 பாட்டையும் இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும் என்றால் 2,628 மோதல்கள். நாக்-அவுட் முறையில் 72 போதும், ஆனால் முதல் சுற்றிலேயே இரண்டு நல்ல பாட்டு மோதி ஒன்று வெளியேறிவிடும். ரெண்டும் வேண்டாம். இப்படிச் செய்யலாம்:

1. நான்கு கேள்விகளில் எதற்குப் பதில் தேடுகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். நான்குக்கும் நான்கு பாட்டு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.
2. ஆல்பங்களை வரிசையாக, தட்டின் பக்கம் பக்கமாகக் கேளுங்கள். எட்டு ஆல்பமும் சேர்ந்து ஆறரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 'ஸ்டேர்வே' ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு, 'காஷ்மீர்' அப்படியே, 'லெவி'யும் அப்படியே. பாட்டு முடிந்ததும் ஊசி ஓடி நிற்கும் அமைதி அவற்றின் ஒரு பகுதி. செயலியின் கலைத்துப் போடும் பொத்தான் அதைத்தான் முதலில் அழிக்கிறது.
3. ஏற்கெனவே நூறு முறை கேட்டதைக் கொஞ்ச நாள் தொடாமல் விட்டு, பிறகு போடுங்கள். குன்றின் மறுபக்கத்தில் இறங்கியது பாதி ஏறி வரும்.
4. ஒருமுறை டிரம்ஸை மட்டும், இன்னொரு முறை பேஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். பிடித்ததன் காரணம் இப்படித்தான் பிடிபடும். 'தி ரெயின் சாங்' மாதிரி முதல் கேட்பில் வழுக்கிப்போகும் பாட்டுகள் இங்கேதான் மேலே வருகின்றன.

குழுவே ஒருமுறை இந்தத் தேர்வை எழுத வேண்டிவந்தது. 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். அட்லாண்டிக் நிறுவனர் அஹ்மத் எர்டெகன் நினைவாக ஒரே ஒரு இரவு. பான்ஹமின் இடத்தில் அவர் மகன் ஜேசன். 16 பாட்டுகள்தான் வாசிக்க முடிந்தது. 'ஸ்டேர்வே' இருந்தது, ஆனால் உச்சத்தில் இல்லை. பதினோராவது பாட்டாக நடுவில் வந்துபோனது. மேடையை விட்டு இறங்குமுன் கடைசியாக வைத்தது 'காஷ்மீர்'. திரும்பி வந்து வாசித்த இரண்டில் ஒன்று 'ஹோல் லாட்டா லவ்'. 'ஃபார் யுவர் லைஃப்' என்ற பாட்டை 31 வருடம் கழித்து முதன்முறையாக மேடையேற்றினார்கள். 'இமிக்ரண்ட் சாங்' பட்டியலில் இல்லை. 'லெவி'யும் இல்லை.